கைமாறி வந்த பொம்மை ரயில்

சென்ற திங்கள் இப்பகுதியில் பழைய தையல் இயந்திரம் வாங்குவோர் கவனிக்க வேண்டியவற்றைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த சங்க அன்பர் சிலர், "ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, பொம்மை ரயிலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே!" என்று நம்மைக் கேட்டனர். கேள்வி நியாயமானதே. தலைநகரில் குடியேறி வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ரயில் என்பது வெறும் வாகனமன்று. பாட்டி வீட்டுக்குச் செல்லும் வழி அது. 1976ஆம் ஆண்டு முதல் ஓடிவரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் படுத்துறங்கிச் சென்ற பிள்ளை, ஊர் திரும்பியதும் "எனக்கு ஒரு ரயில் வேண்டும்" என்று கேட்பதில் வியப்பொன்றும் இல்லை.

ஆனால் மின்சாரத்தால் ஓடும் தரமான புதிய ரயில் தொகுப்பின் விலையோ பல ஆயிரங்களைத் தொடுகிறது. வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் கொடுத்து மீந்ததைக் கொண்டு குடும்பம் நடத்துவோருக்கு அஃது எளிதன்று. கைமாறி வரும் பழைய தொகுப்போ அதனினும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கக்கூடும். இருந்தும் பலர் தயங்குகின்றனர். பழையதைப் பிள்ளைக்குக் கொடுப்பதா என்னும் கூச்சம் ஒரு காரணம். எதைப் பார்த்து வாங்குவது என்று தெரியாமை மற்றொரு காரணம்.

கூச்சத்துக்கு நம் விடை சுருக்கமானது. நாடெங்கும் ஓடும் எஞ்ஜின்களும் பெட்டிகளும் குறித்த காலந்தோறும் பணிமனைக்குச் சென்று, பிரிக்கப்பட்டு, பழுது பார்க்கப்பட்டு, மீண்டும் ஓட வருகின்றன. பழுது பார்த்து ஓட்டுவதில் ரயில்வேக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு? இனி, தெரியாமையைப் போக்கிக்கொள்ளும் வழியைப் பார்ப்போம்.

வெளிநாட்டிலிருந்து திரும்பும் உறவினர், மாற்றலாகிச் செல்லும் குடும்பத்தார், மும்பையின் சோர் பஜார் போன்ற பழம்பொருள் வீதிகள், தெருவில் கூவி வரும் கபாடிக்காரர் ஆகிய எவரிடமிருந்தும் பழைய ரயில் கிடைக்கலாம். எங்கே வாங்கினாலும், பணத்தை எடுக்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும். பாதையின் அகலம் என்ன? அதற்கு வேண்டிய மின்சாரம் எது? எஞ்ஜின் ஓடுகிறதா?

முதலில் அகலம். ஓர் அளவுகோலைக் கையில் கொண்டு செல்லுங்கள். இரு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையே 32 மி.மீ. இருந்தால் அது 'ஓ' கேஜ், பெரியது, பழையது. 16.5 மி.மீ. இருந்தால் அது 'ஹெச்ஓ' அல்லது 'டபிள் ஓ'. பெரும்பாலும் கைக்கு எட்டுவது இதுவே. 9 மி.மீ. இருந்தால் 'என்' கேஜ், மிகச் சிறியது. ஓர் அகலத்துக்குரிய வண்டி மற்றோர் அகலத்துப் பாதையில் ஓடாது. எனவே தண்டவாளம் ஒருவரிடமும் எஞ்ஜின் வேறொருவரிடமும் வாங்குவோர் அளந்து பாராமல் வாங்கலாகாது.

அகலம் ஒன்றாக இருந்தாலும் எல்லாம் ஒன்றாகிவிடுவதில்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தவரான பிராங்க் ஹார்ன்பி 1901ஆம் ஆண்டில் மெக்கானோ என்னும் கட்டுமான விளையாட்டுப் பொருளுக்குக் காப்புரிமை பெற்றவர். அவருடைய நிறுவனம் 1920இல் சாவி கொடுத்து ஓட்டும் 'ஓ' கேஜ் ரயில்களையும், 1938இல் 'ஹார்ன்பி டப்ளோ' என்னும் 16.5 மி.மீ. ரயில்களையும் வெளியிட்டது. டப்ளோவின் மின்சாரப் பாதையில் நடுவே மூன்றாவது தண்டவாளம் ஒன்று உண்டு. 1959இல்தான் அந்நிறுவனம் இரண்டு தண்டவாள முறைக்கு வந்தது. மூன்று தண்டவாளக் காலத்து உலோகச் சக்கரங்களை இன்றைய இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்தால், சக்கரமும் அச்சுமே மின்சாரத்தை ஒரு புறத்திலிருந்து மறுபுறம் பாய்ச்சிக் குறுக்குச் சுற்று உண்டாக்கிவிடும். ஜெர்மனியின் மெர்க்ளின் ரயில்களில் பல வேறொரு முறையைச் சேர்ந்தவை. அவற்றின் பாதை நடுவே சிறு குமிழ்கள் வரிசையாகத் தெரியும். அவை மாறுமின்சாரத்தில் ஓடுபவை. ஆகவே பாதையின் நடுவே கோடோ குமிழோ தென்பட்டால், அத்தொகுப்பை முழுமையாக வாங்குங்கள். அல்லது முழுமையாக விட்டுவிடுங்கள். கலந்து ஓட்ட எண்ண வேண்டாம். புதிதாகத் தொடங்குவோருக்கு 16.5 மி.மீ. அகலமுள்ள, இரண்டு தண்டவாளங்கள் மட்டும் கொண்ட சாதாரணத் தொகுப்பே உகந்தது.

இரண்டாவது மின்சாரம். அன்பர்கள் மிகவும் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய இடம் இது. இத்தகைய எஞ்ஜின்கள் ஓடுவது 12 வோல்ட் நேர்மின்சாரத்தில். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் பெட்டியொன்று தொகுப்புடன் வரும். நம் நாட்டுச் சுவர் மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்கும், ஜப்பானியப் பெட்டி 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. செருகியின் வடிவத்தை மட்டும் மாற்றி நம் சுவரில் பொருத்தினால் என்ன ஆகும் என்பதை நாமே கண்டிருக்கிறோம்.

நம் குடியிருப்பில் வாழும் நண்பர் ஒருவருக்கு அவருடைய மைத்துனர் அமெரிக்காவிலிருந்து பழைய தொகுப்பொன்று கொண்டுவந்தார். மகனின் பிறந்த நாளன்று, அண்டை வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பேர் சூழ்ந்து அமர்ந்திருக்க, பெட்டியைச் சுவரில் செருகினார்கள். அரை நிமிடத்தில் தீய்ந்த நாற்றம், பிறகு புகை. பையன் அழவில்லை. "வரும்போதே உடைஞ்சிருக்கும்பா" என்று சொல்லித் தந்தையைத் தேற்றினான். அந்தச் சொல்லைக் கேட்ட நண்பருக்கு இரவெல்லாம் உறக்கமில்லை. உண்மையில் உடைந்தது எதுவுமில்லை. பெட்டி மட்டுமே கருகியிருந்தது. மறுவாரம் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லஜ்பத் ராய் சந்தையில் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்றும், நேர்மின்சார மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு பலகை ஒன்றும், திசை மாற்றும் சுவிட்ச் ஒன்றும் வாங்கி, மின் பணியாளர் ஒருவரைக் கொண்டு இணைத்ததில் வண்டி ஓடத் தொடங்கியது.

ஆகவே வெளிநாட்டுப் பெட்டியின் அடியில் பொறித்திருக்கும் எழுத்துக்களைப் படியுங்கள். 220, 230, 240 என்னும் எண்களுள் ஒன்று இருந்தால் நம் ஊருக்கு ஏற்கும். அப்போதும் கம்பியின் உறை வெடித்திருந்தால் பயன்படுத்தலாகாது. 100, 110, 120 என்றிருந்தால் அப்பெட்டியை ஒதுக்கிவிட்டு, மேற்சொன்னவாறு புதிய ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அடாப்டரில் பி.ஐ.எஸ். பதிவு எண் பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய எஞ்ஜின் பத்து நாள் பொறுத்திருக்கும். பிள்ளையின் விரல் மின்சாரத்தைப் பொறுக்காது.

மூன்றாவது, எஞ்ஜின் ஓடுகிறதா என்பது. "வீட்டில் நன்றாக ஓடியது" என்று விற்பவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சட்டைப் பையில் 9 வோல்ட் பாட்டரி ஒன்றையும் இரண்டு துண்டுக் கம்பிகளையும் கொண்டு செல்லுங்கள். எஞ்ஜினைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு கம்பியை இடப்புறச் சக்கரத்திலும் மற்றதை வலப்புறச் சக்கரத்திலும் தொடுங்கள். சில எஞ்ஜின்களில் எல்லாச் சக்கரமும் மின்சாரம் ஏற்பதில்லை. ஆதலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். சக்கரம் சுழன்றால் நலம். கம்பிகளை மாற்றித் தொட்டால் எதிர்த்திசையில் சுழல வேண்டும். உறுமல் மட்டும் கேட்டுச் சுழலாவிட்டால், பழைய எண்ணெய் இறுகியிருக்கலாம், அது சீராகக்கூடியதே. ஓசையே இல்லையெனில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது மோட்டாரே போயிருக்கலாம். அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

குறைகள் இருவகை. தேய்ந்த பிரஷ், அழுக்கேறிய சக்கரம், விட்டுப்போன கம்பி, இறுகிப்போன ரப்பர் வளையம் ஆகியவை மாற்றவோ திருத்தவோ கூடியவை. துத்தநாகக் கலவையில் வார்த்த அடிச்சட்டம் உப்பி, வெடித்து, உதிரத் தொடங்கியிருந்தால் அதற்கு மருந்தில்லை. வார்க்கும்போது ஈயம் முதலியவை கலந்ததால் பல ஆண்டுகள் கழித்துத் தோன்றும் நோய் அது. அத்தகைய எஞ்ஜினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

பெட்டிகளை இணைக்கும் கொக்கிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெவ்வேறு நிறுவனங்களின், வெவ்வேறு காலத்துக் கொக்கிகள் ஒன்றோடொன்று சேராமற் போகலாம். தண்டவாளம் இரும்பாயின் துருப்பிடிக்கும். கடற்காற்று வீசும் மும்பையிலும் சென்னையிலும் அதிகம். நிக்கல் சில்வர் எனப்படும் தண்டவாளம் துருப்பிடிக்காது. பெயரில் வெள்ளி இருப்பினும் அதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவையே அது. இரு துண்டுகளை இணைக்கும் சிறு தகடுகளும் உள்ளனவா என்று எண்ணிப் பாருங்கள். பிஷ் பிளேட் இல்லாமல் பெரிய ரயிலும் ஓடாது, சிறிய ரயிலும் ஓடாது!

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஓட்டிவிடத் துடிக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த பருத்தித் துணியால் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடையுங்கள். உப்புத்தாள் கொண்டு தேய்க்கலாகாது. அதனால் விழும் கீறல்களில் அழுக்கு மேலும் படியும். எண்ணெய் இடுவதாயின், தையல் இயந்திர எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு, அச்சுக்கு ஒரு துளி. தேங்காயெண்ணெய் வேண்டாம், தில்லிக் குளிரில் அது உறைந்து, வண்டியும் நின்றுவிடும். மிகப் பழைய தகர பொம்மைகளின் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். கண்டதை வாயில் வைக்கும் பருவத்துக் குழந்தைக்கு அவை எட்டலாகாது.

"ஒண்டுக்குடித்தனத்தில் ரயிலுக்கு இடமேது?" என்பார் உண்டு. ஹார்ன்பியின் முதல் வளைவின் ஆரம் 371 மி.மீ. அதில் 45 பாகை வளைவுத் துண்டுகள் எட்டுச் சேர்த்தால் ஒரு வட்டம். நடுவே இரண்டு நேர்த்துண்டுகள் பக்கத்துக்கொன்றாகச் சேர்த்தால் முட்டை வடிவம். 4 அடிக்கு 3 அடி ஒட்டுப்பலகை அதற்குப் போதும். ஆட்டம் முடிந்தபின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். 'என்' கேஜாயின் இன்னும் குறுகிய பலகையே போதும். முதலில் ஓர் எஞ்ஜின், இரண்டு பெட்டிகள், ஒரு வட்டம். அவை தடையின்றி ஓடிய பிறகே பாயிண்ட், நடைமேடை, சிக்னல் முதலியன. பெரிய மூட்டையாக வாங்கிப் பரணில் போடுவதினும், சிறியதாக வாங்கி அந்த ஞாயிற்றுக்கிழமையே ஓட்டுவது மேல்.

இதில் கணக்குப் பாடமும் உண்டு. 'ஹெச்ஓ' என்பது 87இல் ஒரு பங்கு. 16.5ஐ 87ஆல் பெருக்கினால் சற்றேறக்குறைய 1435 மி.மீ. வரும். உலகில் பரவலாக உள்ள திட்ட அகலம் அதுவே. தில்லி மெட்ரோவின் பச்சை, ஊதாத் தடங்களும் அந்த அகலமே. நம் அகலப் பாதையோ 1676 மி.மீ. அதனை 87ஆல் வகுத்தால் 19 மி.மீட்டருக்குச் சற்று மேல் வரும். ஆகவே தமிழ்நாடு எக்ஸ்பிரஸை அதே விகிதத்தில் செய்தால் 16.5 மி.மீ. பாதையில் நிற்காது. இதனைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அளவுகோலையும் தாளையும் கொடுத்தால் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பையன்கள் மட்டுமல்லர், பெண் குழந்தைகளும்தான். புனே செல்வோர் கோத்ருட் பகுதியில் 1998இல் தொடங்கப்பெற்ற ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். தலைநகரிலேயே, 1977 முதல் சாணக்கியபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் உண்மை எஞ்ஜின்களின் சக்கரங்களை அருகில் நின்று பார்க்கலாம்.

பிறந்த ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில், ஒரு பொருள் கெட்டால் தூக்கி எறிந்துவிட்டு மற்றொன்று வாங்கும் வழக்கம் மெல்லப் பரவி வருகிறது. தந்தையும் மகளும் தரையில் அமர்ந்து, நின்றுபோன எஞ்ஜின் ஒன்றைத் திறந்து, துடைத்து, மீண்டும் ஓடச் செய்வார்களாயின், அந்தப் பிள்ளை நின்றுபோனதெல்லாம் முடிந்துபோனதாகாது என்பதைக் கண்ணாரக் கண்டுகொள்ளும். புதிய பெட்டியைப் பிரிக்கும்போது இப்பாடம் கிடைப்பதரிது.

பழைய தொகுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அறியாதிருக்கும் அன்பர்கள், பாதையின் அகலத்தையும் பெட்டியின் அடியிலுள்ள எழுத்துக்களையும் குறித்து, சங்க அலுவலக முகவரிக்கு எழுதுக. நமக்குத் தெரிந்தவரை விடை அளிப்போம். வீட்டுப் பரணில் பயனின்றிக் கிடக்கும் தொகுப்பைக் கொடுத்துவிட எண்ணுவோரும் எழுதலாம், வேண்டுவோரிடம் சேர்ப்பிப்போம். அடுத்த திங்கள், பழைய மிதிவண்டி.