குதிரையின் பிடரி உராய்வு

குதிரை தன் பிடரியையும் வாலடியையும் கம்பத்தில் உராய்ந்து மயிரிழக்குமாயின், பலர் அதைத் துர்க்குணமென்றெண்ணி அடிப்பர். சிலர் எண்ணெய் பூசிவிட்டு வாளாவிருப்பர். இரண்டும் தகாது. கியூலிகாய்டஸ் என்னும், கொசுவினும் சிறிய பூச்சியின் உமிழ்நீர் சில குதிரைகளுக்கு ஒவ்வாமல், பொறுக்கவொண்ணாத அரிப்பை உண்டாக்குகிறது. குயின்ஸ்லாந்தில் 1950-களில் நடந்த ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கிற்று. உராய்ந்த தோல் புண்ணாகிச் சீழ்க்கொள்ளும், குதிரையும் மெலியும்.

இப்பூச்சி சேற்று நிலத்தில் பெருகி, அந்தியிலும் விடியலிலும் மிகுதியாய்க் கடிக்கும். காற்று வீசுமிடத்தில் பறக்கமாட்டாது. ஆகையால் அவ்வேளைகளில் குதிரையைச் சேற்றுக்கு அப்பாலுள்ள லாயத்தில் கட்டி, வாயிலுக்கு நுண்வலையிட்டு, மெல்லிய துணியால் போர்த்துவதே முதற் பரிகாரம். வாலடியை மட்டும் உராய்ந்தால் குடற்புழுவும் காரணமாயிருக்கலாம். கால்நடை வைத்தியரிடம் காட்டுக. கடியைத் தடுக்காமல் களிம்புக்குச் செலவிடும் பணம் வீணே.