மியூசிக் புரொடக்‌ஷன் படிக்கணுமா? லட்சம் செலவு வேண்டாம், போன் போதும்!

காட்டுமன்னார்கோயில் மாணவருக்கு இசை படிக்க பக்கத்திலேயே சிதம்பரம் இருக்கு. 1929-ல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாட்டு, வீணை கற்கலாம். ஆனால் பாடுவது வேறு, பாட்டைப் பதிவு செய்து உருவாக்குவது வேறு. இதற்கு சென்னை பக்கம்தான் பார்க்கணும். தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கு 4 ஆண்டு பட்டப்படிப்பு உண்டு. ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும் இருக்கு.

போர்ட்ஃபோலியோ எதற்கு?

நீங்கள் செய்த இசையின் மாதிரித் தொகுப்புதான் அது. வெளிநாட்டுக் கல்லூரிகள் பலவும் கேட்கும். கேட்காத இடத்திலும் நேர்காணலில் கைகொடுக்கும்.

சிக்கல் எங்கே?

ஸ்டூடியோவில் பணம் கட்டி, அடுத்தவர் கையால் டிராக் முடித்து வாங்குவதில்தான். "இந்த இடத்தில் டிரம்ஸை ஏன் குறைச்சீங்க?" என்று கேட்டால் பதில் இருக்காது.

என்ன செய்யலாம்?

* மூன்று, நான்கு டிராக் போதும். சிறந்ததை முதலில் வையுங்கள்.
* வீராணம் மதகில் தண்ணி பாயும் சத்தம், நெல் அறுவடை மெஷின் என ஊர் ஒலிகளை போனில் பதியுங்கள்.
* நாதஸ்வரக் கலைஞரைப் பதிவு செய்தால் அனுமதி கேளுங்கள், பெயரையும் குறிப்பிடுங்கள்.
* எடிட்டிங்குக்கு பேண்ட்லேப், ஆடாசிட்டி இலவசம்.
* சினிமாப் பாட்டைத் துண்டு போட்டுச் சேர்க்காதீங்க. காப்புரிமைச் சிக்கல் வரும்.
* ஒவ்வொரு டிராக்கிலும் உங்கள் பங்கு எது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

கட்டணம், தகுதிப் பாடங்களை அந்தந்த ஆண்டு சேர்க்கை அறிவிப்பில் பார்த்துவிட்டே விண்ணப்பியுங்கள். விலை உயர்ந்த கருவி இல்லையே என்று தயங்க வேண்டாம். தேர்வுக் குழு கேட்க நினைப்பது உங்கள் காதைத்தான்.