பத்துப் பூவும் ஒரு லிட்டர் எண்ணெயும்

நமது பழைய மாணவி ஒருத்தியிடமிருந்து சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது. கணக்கு வகுப்பில் கடைசி பெஞ்சியில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்குச் சரியான விடையைச் சொல்லிவிட்டு, மறுபடியும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிடும் பெண் அவள். இப்போது அந்தமானில் இருக்கிறாள். போர்ட் பிளேர் என்று நாம் படித்த ஊருக்கு 2024-ம் வருஷம் ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள் அல்லவா? அங்கிருந்து இன்னொரு கப்பல் ஏறிப் போகவேண்டிய சின்னத் தீவு ஒன்றில் அவள் புருஷனுக்கு உத்தியோகம்.

"ஸார், இங்கே தேங்காய்க்குப் பஞ்சமே இல்லை. வெளியூரிலிருந்து கடலைப் பார்க்க வருகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. உடம்புக்குப் பூசும் எண்ணெயும் ஸோப்பும் செய்து விற்கலாம் என்று இருக்கிறேன். அம்மா போட்ட எட்டுப் பவுன் சங்கிலி இருக்கிறது. அதை விற்று முதல் போடலாமா? 'உன் வாத்தியாரைக் கேள்' என்கிறார் இவர்" என்று எழுதியிருந்தாள்.

பண விஷயத்தில் வாத்தியாரிடம் யோசனை கேட்கிறவர்கள் இந்த உலகத்தில் இன்னும் இருக்கிறார்களே என்று நமக்குப் புல்லரித்துப் போயிற்று. அந்த உற்சாகத்தில் நாலே வரியில் பதில் எழுதித் தபாலில் போட்டுவிட்டோம். "சங்கிலியைத் தொடாதே. உலகத்தில் ஸோப்புக்குக் குறைவில்லை" என்பதுதான் பதில்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளை மிரட்டி வருகிறோம். நாம் எழுதிய பதிலில் வழிமுறை எங்கே இருக்கிறது? தேங்காயும் கடலும் தவிர வேறொன்றும் இல்லாத தீவிலிருந்து தைல வியாபாரம் செய்து பிழைத்தவர்கள் யாராவது உண்டா என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

உண்டு. பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவில் தாஹித்தி என்றொரு தீவு இருக்கிறது. அதைச் சுற்றி நூற்றுக்கு மேற்பட்ட தீவுகள், மேற்கு ஐரோப்பா அளவுள்ள கடற்பரப்பில், கைப்பிடி அரிசியை முற்றத்தில் இறைத்தாற்போல் சிதறிக் கிடக்கின்றன. பிரான்சு தேசத்தின் கொடியின் கீழ் உள்ளவை. பாரிஸ் நகரமோ அங்கிருந்து 15,000 கிலோமீட்டருக்கும் அப்பால். அந்தத் தீவுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தைலத்துக்கு மோனோயி என்று பெயர். பிறந்த குழந்தைக்கும் அதுதான், மணப்பெண்ணுக்கும் அதுதான், இறந்தவர் உடலுக்கும் அதுதான்.

செய்முறையைக் கேட்டால் நமது பாட்டிமார்கள் தலையை ஆட்டுவார்கள். தேங்காயைத் துருவி, வாசனைப் பூவைச் சேர்த்து, வெயிலில் வைத்து எண்ணெயைப் பிரியவிடுவது. பூவின் பெயர் தியாரே. பார்வைக்கு நந்தியாவட்டை போல வெள்ளை வெளேரென்று, இதழ்கள் காற்றாடியாக விரிந்திருக்கும். (அதைக் காதில் செருகிக்கொள்வதிலும் ஒரு பாஷை உண்டு. இடது காதில் இருந்தால் அந்த மனிதருக்கு ஏற்கனவே ஜோடி இருக்கிறது என்று அர்த்தமாம். வரன் தேடித் தரகர் பின்னால் அலையும் நம்மவர்கள் கவனிக்க.) ஒரே ஒரு வித்தியாசம்: பழைய முறையில், எண்ணெய் நன்றாகப் பிரிவதற்காகச் சங்குக்குள் குடியிருக்கும் ஒருவகை நண்டை நசுக்கித் துருவலில் சேர்ப்பார்கள். நமது சைவப் பாட்டிமார்கள் இந்த இடத்தில் தலையாட்டுவதை நிறுத்திக்கொள்வார்கள் என்பது நிச்சயம்.

இந்தத் தைலம் எப்படி வியாபாரமாயிற்று என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

வெகுகாலம் வரையில் அந்தத் தீவுகளிலிருந்து வெளியே போனது தைலம் அல்ல, கொப்பரை. பசிபிக் தீவுகள் எல்லாவற்றின் கதையும் ஏறக்குறைய இதுதான். தீவுக்காரன் காயை உடைத்துக் காயவைத்து மூட்டை கட்டுவான். மூட்டை கப்பலேறிப் போகும். மார்ஸேல்ஸ் நகரத்திலும் இங்கிலாந்திலும் அதை ஆட்டி, ஸோப்பாக்கி, வர்ணக் காகிதம் சுற்றித் திருப்பி அனுப்புவார்கள். ஸோப்பு ராஜாவாகிய லீவர் துரை 1902-ம் வருஷம் பசிபிக் தோட்டங்களுக்கென்றே தனியாக ஒரு கம்பெனி ஸ்தாபித்து, ஸாலமன் தீவுகளில் தென்னந்தோப்புகள் போட்டார். அவருடைய ஸன்லைட் ஸோப்புப் பெட்டிகள் 1888-லேயே கல்கத்தாத் துறைமுகத்தில் வந்து இறங்கிவிட்டன, 'இங்கிலாந்தில் செய்தது' என்ற முத்திரையோடு. பருத்தி நம்முடையது, துணி அவர்களுடையது என்று நமது பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வருந்திய அதே கணக்குத்தான். பருத்தி இருந்த இடத்தில் தேங்காயைப் போட்டுக்கொள்ள வேண்டியது.

தாஹித்திக்காரர்கள் இந்தக் கணக்கை ஓரளவு திருப்பிப் போட்டார்கள். கொப்பரையைப் பப்பேத்தே நகரத்திலேயே ஆட்டி எண்ணெயெடுக்க ஆலை வைத்தார்கள். கொப்பரை விலை உலகச் சந்தையில் விழுந்தாலும் தூரத்துத் தீவுக்காரன் பட்டினி கிடக்காதபடி அங்குள்ள சர்க்கார் கைப்பணம் போட்டு விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. இதைப் பற்றிப் பொருளாதார நிபுணர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்த விலை இல்லாவிட்டால் பல தீவுகளில் தென்னை மட்டும் இருக்கும், மனிதர் இருக்கமாட்டார் என்பது நமது அபிப்பிராயம்.

அடுத்தது பெயர். மோனோயிக்குப் பிரான்சிலே கிராக்கி வந்ததும் போலிகள் வரும் அல்லவா? ஏதோ ஓர் எண்ணெயில் ஏதோ ஒரு வாசனையை ஊற்றிப் புட்டியில் ஒரு தென்னைமரப் படம் ஒட்டினால் போதுமே! ஆகவே 1992-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி ஒரு சட்டம் வந்தது. தேதியைப் பார்த்து நேயர்கள் சிரிக்க வேண்டாம், சட்டம் நிஜமானதுதான். 'தாஹித்தி மோனோயி' என்று ஒரு புட்டியில் எழுத வேண்டுமானால், தேங்காய் அந்தத் தீவுகளின் பவள மண்ணில் விளைந்ததாக இருக்கவேண்டும். தியாரேப் பூவும் அங்கேயே பூத்ததாக, மொட்டாகப் பறித்ததாக இருக்கவேண்டும். லிட்டருக்குப் பத்துப் பூவுக்குக் குறையக்கூடாது. பத்து நாளைக்குக் குறையாமல் பூ எண்ணெயில் ஊறவேண்டும். நமது மதுரை மல்லிக்கு 2013-ல் கிடைத்த புவிசார் குறியீட்டைப் போன்றதுதான் இதுவும். லீவர் துரையின் சந்ததியார் எத்தனை கோடி முதல் போட்டாலும், இந்தப் பெயருள்ள பண்டத்தை வேறு தேசத்தில் செய்ய முடியாது. தூரத் தீவுக்குத் தூரமே ஒரு சொத்தாக மாறிய அதிசயம் இது.

ஆனால் வாத்தியார் என்ற முறையில் மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். பப்பேத்தேயில் கடை வைத்திருப்பவர் நிலை வேறு; துவாமோத்துப் பவளத் தீவுகளில் குடிசைத் தொழில் செய்கிறவள் நிலை வேறு. அவளுக்கு எண்ணெய் வாசலிலே கிடைக்கும், புட்டி கிடைக்காது. காலிப் புட்டி கப்பலில் எவ்வளவு இடத்தை அடைக்குமோ, அவ்வளவு இடத்தைத்தான் நிறைந்த புட்டியும் அடைக்கும். ஆகவே காற்றை ஏற்றி வரவும் கூலி, எண்ணெயை ஏற்றிப் போகவும் கூலி. மூடி ஒரு கப்பலில் வரும். மூடிக்குப் பொருந்தாத புட்டி அடுத்த கப்பலில் வரும். எண்ணெய் வெயிலும் காற்றும் பட்டால் சிக்கு நாற்றம் எடுக்கும். அது கப்பல் கால அட்டவணையைப் பார்த்துக் காத்திருக்காது. நல்லபடியாகப் பாரிஸ் போய்ச் சேர்ந்தாலும், தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழியில் நம் வீட்டு எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பனிக்காலத்துப் பாரிஸ் சீமாட்டிக்கு அது தெரியுமா? 'பண்டம் கெட்டுவிட்டது' என்று கடிதம் எழுதுவாள். வெந்நீரில் வைத்தால் உருகும் என்று அவளுக்குப் பொறுமையாகப் பதில் எழுதுவதும் தொழிலின் ஒரு பகுதிதான்.

ஐரோப்பாவில் விற்பதற்கு 2013 முதல் இன்னும் கடுமையான விதி நடைமுறையில் இருக்கிறது. உடம்பில் பூசும் ஒவ்வொரு பண்டத்துக்கும், அது தீங்கற்றது என்று படித்த நிபுணர் ஒருவர் எழுதிக்கொடுத்த அறிக்கை வேண்டும். அங்கே குடியிருக்கும் ஒருவர் பொறுப்பேற்று நிற்கவேண்டும். ஐந்து லிட்டர் செய்கிறவளுக்கும் ஐயாயிரம் லிட்டர் செய்கிறவனுக்கும் ஒரே விதி. இது சின்னவர்களை நசுக்குகிறது என்று சிலர் சொல்லுகிறார்கள். செலவு பாரம்தான், ஆனாலும் விதி வேண்டியதே என்று நமக்குப் படுகிறது. 'இயற்கை' என்று புட்டியில் எழுதிவிட்டால் பாவமெல்லாம் தீர்ந்தது என்று எண்ணுகிறவர்கள் பெருத்துவிட்டார்கள். எருக்கம்பாலும் இயற்கைதானே? அதைக் கண்ணில் விட்டுக்கொள்வாருண்டா?

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தண்ணீர் கலவாத தைலத்தில் கிருமிகள் வளரமாட்டா. தண்ணீர் சேர்த்து வெள்ளைக் களிம்பாகக் கடைந்துவிட்டால், அது கிருமிகளுக்குப் போட்ட இலைச் சாப்பாடு. கெடாமலிருக்க மருந்து சேர்த்தே ஆகவேண்டும். 'எங்கள் களிம்பில் மருந்தே இல்லை' என்று பெருமை பேசி, மூன்றாம் வாரம் பூசணம் பூத்த டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்ட கைத்தொழில்காரர்கள் எத்தனையோ பேர். மோனோயி பிழைத்ததற்குக் காரணம் அதன் எளிமைதான்: எண்ணெய், பூ, அவ்வளவே. வெயிலில் தோல் வெந்து போகாமல் அது காக்கும் என்று நம்பிக் கடற்கரையில் படுத்துக்கிடக்கும் வெள்ளைக்காரர்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: அது காக்காது.

இவ்வளவும் படித்து வரும்போது ஓரிடத்தில் திடுக்கிட்டோம். தாஹித்தியில் மோனோயிக்கு அடுத்தபடியாக விற்கும் தைலம் தமானு. பச்சை நிறம், குழம்பு போன்ற கனம், ஒரு முரட்டு வாசனை. காய்கள் உதிர்ந்ததும் பருப்பைப் பல வாரம் உலரவிட்டால், வெளுப்பாக இருந்த பருப்பு கறுத்து எண்ணெய் கசியும். அதைப் பிழிந்து, சிறுசிறு சீசாக்களில் அடைத்து, வடுவுக்கும் வெடிப்புக்கும் என்று நல்ல விலைக்கு விற்கிறார்கள். இந்தத் தமானு என்ன மரம் என்று தாவர நூலைப் புரட்டினால், அது நமது புன்னை! மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் தலவிருட்சம். தலைவி ஒருத்தி தன் உடன்பிறந்தவளாக எண்ணி, அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச நாணியதாகச் சங்கப் புலவர் பாடிய அதே மரம். அந்த எண்ணெயை நாம் விளக்கில் ஊற்றி எரித்தோம். அந்தமான் கடற்கரைகளிலும் புன்னை நிற்கிறது.

ஆகவே இரண்டாவது கடிதம் எழுதினோம். இந்த முறை எட்டுப் பக்கம். சங்கிலியை விற்றுப் புட்டி வாங்க வேண்டாம். தண்ணீர் சேர்ந்த களிம்பு பக்கம் போக வேண்டாம். எண்ணெயும் ஸோப்பும் போதும். வாங்குகிறவர்கள் கரைக்கு வருகிறார்கள், ஆகையால் கப்பல் கூலி அவர்களுடையது. அந்த ஒரு விஷயத்தில் உன் நிலை துவாமோத்துப் பெண்ணைவிட மேல். காரசோடாவைப் பிரயாணிகளோடு சேர்த்து அனுப்பமாட்டார்கள். அது எப்படி வந்து சேரும் என்பதை முதலில் விசாரி. ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுவதும் ஸோப்பாக மாறச் சுமார் 180 கிராம் காரசோடா பிடிக்கும். அவ்வளவும் போட்டால் தோல் வறண்டு போகும். கொஞ்சம் எண்ணெய் மிஞ்சும்படி குறைத்துப் போடு. சோடாவைத் தண்ணீரில் போடவேண்டுமே தவிர, சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றலாகாது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள். தேங்காயெண்ணெய் ஸோப்பு உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். மாலுமிகள் அதைத்தான் விரும்பினார்கள். தீவில் இதைவிட வேறு விளம்பரம் வேண்டுமா? விற்பதற்கு முன்னால் 1940-ம் வருஷத்து மருந்து, அழகுப் பொருள் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் வாங்கு. புன்னைக் காயையும் பொறுக்கிவை.

அவளிடமிருந்து பதில் வரவில்லை. போன திங்கட்கிழமை ஒரு பொட்டலம் வந்தது. பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு கட்டி ஸோப்பு; ஓரம் கொஞ்சம் கோணல். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "ஸார், சங்கிலி கழுத்தில்தான் இருக்கிறது. இவருடைய ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கடன் வாங்கியிருக்கிறேன். லைசென்ஸுக்கு எழுதிப் போட்டாயிற்று. இது விற்பதற்கல்ல, பரீட்சைக்கு. காய இன்னும் நாலு வாரம் ஆகவேண்டும், அவசரப்பட்டு உபயோகிக்காதீர்கள்."

ஸோப்பு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. நம் வீட்டு அம்மாள் தினம் இரண்டு தடவை அதை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, காலண்டரையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போகிறாள்.