400 சேக்கலுக்கு ஒரு கிரயப் பத்திரம்

வீட்டுக்கடன் பைல்களைப் புரட்டிப் புரட்டி, எதைப் படித்தாலும் தாய்ப்பத்திரம் எங்கே, வில்லங்கம் உண்டா என்று தேடுகிற புத்தி வந்துவிட்டது எனக்கு. இங்கே மும்பைக் கிளையில் ஒரு பழைய வாடிக்கையாளர், பெனே இஸ்ரேல் சமூகத்துப் பெரியவர். தோராவை வாரம் ஒரு பகுதியாகப் பிரித்து ஒரு வருடத்தில் வாசித்து முடிப்பார்களாம். "அதில் உங்களுக்கென்றே ஒரு வாரம் இருக்கிறது சார்" என்றார். 'ஹயே சாரா', அதாவது சாராளின் வாழ்நாள்.

பெயர்தான் வாழ்நாள். தொடங்குவதோ அவள் சாவில். மனைவியைப் புதைக்க இடமில்லாமல் ஆபிரகாம் ஹெப்ரான் ஊரார் முன் நிற்கிறார். நான் உங்களிடையே தங்கியிருக்கும் அந்நியன் என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார். (வெளியூரில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இந்தத் தொனி தெரியும்.) எப்ரோன் என்பவன் நிலத்தைச் சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். மனிதர் மசியவில்லை. முழு விலை, 400 சேக்கல் வெள்ளி, நிறுத்துக் கொடுக்கிறார். ஊர்வாசலில், சாட்சிகள் முன்னால். நிலம், மக்பேலா குகை, எல்லைக்குள் நிற்கும் மரங்கள் வரை எழுதியிருக்கிறது. நம் பத்திர ஆபீஸில்கூட இவ்வளவு ஒழுங்காக எழுத மாட்டார்கள்! சும்மா கொடுத்தால் நாளைக்கு அவன் மகன் வந்து கேட்பான். கிரயம் அப்படியல்ல.

எருசலேம் கோயில் மலையும் வாங்கியதுதான். தாவீது அந்தக் களத்தையும் மாடுகளையும் 50 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார் என்கிறது சாமுவேல் புத்தகம். நாளாகமம் 600 சேக்கல் பொன் என்கிறது. (ஆடிட்டர் விடுவாரா?) யோசேப்பின் கல்லறை நிலம் யாக்கோபு வாங்கியது. இந்த மூன்றையும் திருடியது என்று எவரும் சொல்ல முடியாது என்று பழைய ரபிகள் எழுதி வைத்தார்கள். மூன்றுமே ரத்தம் பார்த்துவிட்டன.

ஹெப்ரானையே எடுங்கள். ஏரோது காலத்து மதிலுக்குள் இப்ராஹிமி மசூதி. 1967 வரை யூதர்கள் உள்ளே போக முடியாது. நெடுங்காலம் வெளிப் படிக்கட்டில் ஏழாவது படியோடு நிறுத்திவிடுவார்கள். 1929-ல் ஊரில் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1994-ல் தொழுகையில் இருந்த 29 முஸ்லிம்களை யூதக் குடியேறி ஒருவன் சுட்டுக் கொன்றான். அதன்பின் கட்டடத்துக்குப் பாகப்பிரிவினை. வருடத்தில் 10 நாள் முழுக்க அவர்களுக்கு, 10 நாள் முழுக்க இவர்களுக்கு. ஹயே சாரா சனிக்கிழமை யூதர்களின் பத்தில் ஒன்று. அன்று ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள், கிரயக் கதையை வாசிக்கிறார்கள், இடம் எங்களுடையது என்கிறார்கள்.

பத்திரத்தின் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது என் கட்சி. அதே வாரப் பகுதியின் முடிவில் ஆபிரகாம் சாகிறார். அதே குகையில் அவரைப் புதைப்பது ஈசாக்கும் இஸ்மவேலும், இரண்டு பேரும் சேர்ந்து. முஸ்லிம்கள் தங்கள் மூதாதையாகச் சொல்கிற அதே இஸ்மவேல்தான்.

பெரியவர் உடனே மடக்கினார். சொத்தெல்லாம் ஈசாக்குக்கே கொடுத்தார் என்றும் அதில்தான் இருக்கிறதாம். இருக்கட்டும். பட்டா ஈசாக்கு பேரிலேயே இருக்கட்டும். அன்று குகை வாசலில் இஸ்மவேலை ஏழாவது படியில் யாரும் நிறுத்தவில்லையே என்றேன்.

"அதையும்தான் வருஷா வருஷம் வாசிக்கிறோம் சார்" என்றார்.