பெரிய ஆமை, நிறைய அட்டை

கேரள எல்லையில் நெய்யாற்றின்கரை, பாறசாலையை ஒட்டிய குளத்தூர் பக்கத்துக் குளங்களுக்குக் காராமை புதிதல்ல. பிடித்துப் புரட்டினால் தொடை இடுக்கில் அட்டை ஒட்டியிருக்கலாம். நோஞ்சான் ஆமையைத்தான் அட்டை மொய்க்கும் என்று தோன்றும். ஆனால் வெளிநாட்டு நன்னீர் ஆமைகளிடம் நடந்த சில ஆய்வுகள் சொல்வது வேறு: உடல் பெருக்கப் பெருக்க அட்டையும் பெருகுகிறது. பெரிய ஓடு, ஒட்டிக்கொள்ள நிறைய இடம், அவ்வளவுதான்.

உறிஞ்சும் இரத்தம் கொஞ்சம்தான். அட்டை கொண்டுவரும் நோய்க்கிருமிதான் வில்லங்கம். இலங்கையில் இதே காராமையை ஆராய்ந்த மூரியல் ராபர்ட்சன், அதன் சிவப்பணுக்களில் குடியிருக்கும் ஒட்டுண்ணி அட்டைக்குள்ளும் வளர்வதை 1910ல் விவரித்தார்.

ஆமை வெயில் காய்வதே அட்டையை உலர்த்தி உதிர்க்கத்தான் என்பாரும் உண்டு. அதற்குச் சரிவான கரையோ, மிதக்கும் கட்டையோ வேண்டும். நாலு பக்கமும் செங்குத்தாகச் சிமெண்ட் சுவர் எழுப்பிய குளத்தில் இரண்டும் கிடையாது.