அரியர் யாரோட தப்பு?

போன வருஷம் எங்க டீம் ஒரு மினி ப்ராஜெக்ட் செய்தோம். முதல் வருஷத்தில் கணக்கு பேப்பரில் ஏன் இத்தனை பேர் அரியர் வைக்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. கூகுள் ஃபார்ம் ஒன்று தயார் பண்ணி எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டோம். இரண்டே நாளில் நூற்றுச் சொச்சம் பதில்கள். எக்செல்லில் கொட்டி, கலர் கலரா ஒரு பை சார்ட் போட்டோம். "முக்கியக் காரணம் மொபைல் போன்" என்று ரிவ்யூவில் சொன்னோம். எல்லாரும் தலையாட்டினாங்க. நல்ல மார்க்.

அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல என் ரூம்மேட் கேட்டான்: "மச்சி, என்கிட்ட மூணு அரியர் இருக்கு. அந்த ஃபார்ம் எனக்கும் வந்துச்சு. நான் தொடவே இல்ல. அரியர் வச்சவன் எவன்டா உட்கார்ந்து அதை ஃபில் பண்ணுவான்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

அவன் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். பன்னிரண்டாம் வகுப்பில் அவன் பள்ளியிலேயே முதல் மார்க். இங்கே வந்த முதல் மாதம் வகுப்பில் என்ன நடக்கிறது என்றே புரியவில்லையாம். எழுந்து கேட்கவும் கூச்சம். அந்த நேரத்தில் அவன் படிப்பையே விட்டுடலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தான் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இவ்வளவுக்கும் ஒரே ரூம், பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

அடுத்த செமஸ்டரில் ஓப்பன் எலெக்டிவ்வாக சமூகவியல் எடுத்தேன். "ஸ்கோரிங் சப்ஜெக்ட்டா, யூனிட்டுக்கு நாலு கேள்வி பார்த்தாப் போதும்" என்று சீனியர்கள் சிபாரிசு செய்த பேப்பர். படித்தபிறகு எனக்குத் தோன்றுவது வேறு. தப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமலே தீர்வு டிசைன் பண்ணுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு மருந்து இந்தப் பாடம்தான். அதை மார்க் அள்ளும் பேப்பராக மட்டும் வைத்திருப்பது நமக்குத்தான் நஷ்டம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு எளிய வித்தியாசத்தைச் சொல்கிறார். ஒரு லட்சம் பேர் இருக்கும் ஊரில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லை என்றால், அவருடைய திறமையையும் குணத்தையும் பார்க்கலாம். அது அவருடைய சொந்தக் கஷ்டம். நாடு முழுக்கக் கோடிக்கணக்கான பேருக்கு வேலை இல்லை என்றால், ஒவ்வொருவர் குணத்தையும் நோண்டிப் பயனில்லை. அது சமூகப் பிரச்சினை. நம்ம கணக்குக்கு வருவோம். கிளாஸ்ல ஒருத்தன் ஃபெயில் ஆனா அவனைக் கேளுங்க. பாதி கிளாஸ் ஃபெயில் ஆனா கிளாஸைக் கேளுங்க.

"எல்லாம் தனிப்பட்ட விஷயம்தானே?" என்பவர்களுக்கு எமில் துர்கைம் என்ற பிரெஞ்சுக்காரர் 1897-லேயே பதில் சொல்லிவிட்டார். தற்கொலையைவிடத் தனிப்பட்டதாக நாம் நினைக்கிற விஷயம் ஏதாவது உண்டா? ஆனால் ஐரோப்பிய நாடுகளின் அரசுப் புள்ளிவிவரங்களை அடுக்கிப் பார்த்தபோது, ஒவ்வொரு நாட்டின் விகிதமும் வருஷா வருஷம் பெரிதாக மாறாமல் இருந்தது. நாட்டுக்கு நாடு மட்டும் வித்தியாசம். மற்றவர்களோடு பிணைப்பு தளரும் இடங்களில் விகிதம் கூடுகிறது என்று அவர் வாதிட்டார். அவர் பயன்படுத்திய தரவுகளைப் பிறகு பலர் கேள்வி கேட்டார்கள். ஆனால் தனிமனிதர்களுக்கு வெளியே இருந்து அவர்களை அழுத்தும் சமூகம் என்ற ஒன்று உண்டு, அதை அளந்து பார்க்க முடியும் என்ற அவருடைய அடிப்படை நிலைத்துவிட்டது.

சமூகவியல் பாடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்கிற பெரிய கோட்பாடுகள் இருக்கின்றன. அரியரை வைத்தே அவற்றைப் புரிந்துகொள்ளலாம். துர்கைம் வழி வந்த செயல்பாட்டுக் கோட்பாடு, "தேர்வு என்ற அமைப்பு சமூகத்துக்கு என்ன வேலை செய்து கொடுக்கிறது?" என்று கேட்கும். கார்ல் மார்க்ஸ் வழி வந்த முரண்பாட்டுக் கோட்பாடு, "இந்த ஏற்பாட்டில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?" என்று கேட்கும். மூன்றாவது குறியீட்டு இடைவினைக் கோட்பாடு. அது வகுப்பறைக்குள்ளேயே வந்து உட்காரும். "கடைசி பெஞ்ச்", "தமிழ் மீடியம் கேஸ்" என்று ஒட்டப்படுகிற பெயர் அந்த ஆளை என்ன செய்கிறது என்று பார்க்கும்.

ராபர்ட் மெர்ட்டன் 1948-ல் விளக்கிய ஒரு விஷயம் இதோடு சேரும். நல்லா ஓடிக்கொண்டிருக்கும் வங்கி திவாலாகப் போகிறது என்று வதந்தி கிளம்புகிறது. எல்லோரும் ஓடிப்போய்ப் பணத்தை எடுக்கிறார்கள். வங்கி நிஜமாகவே திவாலாகிறது. பொய்யாகத் தொடங்கியது தன்னைத்தானே உண்மையாக்கிக்கொள்கிறது. "இவனுக்கு வராது" என்று ஒருவனை நாலு பேர் நம்பி, கடைசியில் அவனும் நம்பிவிட்டால் நடப்பதும் இதேதான்.

என்னை ரொம்பத் தொட்டவர் பியர் பூர்தியு. தெற்கு பிரான்ஸ் கிராமம் ஒன்றில் தபால் ஊழியரின் மகனாகப் பிறந்தவர். பணம் போலவே பேச்சு, மொழி, நாசூக்கு, புத்தகப் பழக்கம் எல்லாம் வீட்டிலிருந்து வரும் மூலதனம் என்றார். அதற்கு அவர் வைத்த பெயர் பண்பாட்டு மூலதனம். கல்லூரி அதை வெளிப்படையாகக் கற்றுக்கொடுப்பதில்லை. ஆனால் வைவாவில், குரூப் டிஸ்கஷனில், ப்ளேஸ்மென்ட் இன்டர்வியூவில் அதற்குத்தான் மார்க் போடுகிறது. பிறகு அதைத் "திறமை" என்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் வந்தது. வாசல் திறந்தது நல்லது. உள்ளே வந்தவனுக்கு வகுப்பில் பேசுகிற மொழி புரிகிறதா என்பது அடுத்த கேள்வி.

இப்போது எங்க ஃபார்முக்கு வருகிறேன். 1936-ல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை அதிபர் தேர்தலுக்குக் கருத்துக்கணிப்பு நடத்தியது. சுமார் 1 கோடி பேருக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில்கள் வாங்கியது. லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது. ஆனால் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். முகவரிகள் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலும் கார் பதிவுப் பட்டியலிலும் எடுத்தவை. பொருளாதார நெருக்கடி காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? அதோடு, சீட்டு கிடைத்தும் திருப்பி அனுப்பாதவர்களே அதிகம். அவர்கள் மனதில் வேறு ஆள் இருந்தார். 20 லட்சம் பதில் வாங்கியவர்களுக்கே இந்தக் கதி என்றால், எங்க நூற்றுச் சொச்சத்தை என்ன சொல்ல! என் ரூம்மேட் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். அவன் சமூகவியல் படித்ததில்லை.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றைப் பிறகுதான் கவனித்தேன். "காரணம் என்ன?" என்று கேட்டு நாங்கள் கொடுத்த ஆப்ஷன்கள்: மொபைல், சோம்பேறித்தனம், ஃப்ரெண்ட்ஸ், ஆர்வமின்மை. எல்லாமே மாணவன் தலையில் விழுகிற காரணங்கள். "பாடம் நடத்தும் மொழி புரியவில்லை" என்று ஒரு ஆப்ஷன்கூட இல்லை. விடையை முடிவு செய்துவிட்டுத்தான் கேள்வியே கேட்டிருக்கிறோம்.

அப்படியென்றால் நேரில் போய்ப் பழகிப் பார்த்தால் சரியாகிவிடுமா? அதிலும் கவனம் தேவை. ஆந்த்ரே பெத்தேல் என்ற சமூகவியலாளர் 1960-களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். அதற்கு அவர் வைத்த புனைபெயர் ஸ்ரீபுரம். சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் ஒரே கையில் இருந்த காலம் போய், அவை தனித்தனியாகப் பிரிவதைக் காட்டினார். அவர் 1965-ல் வெளியிட்ட அந்தப் புத்தகம் இன்றும் பேசப்படுகிறது. மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்ற யோசனை ஜெர்மனியின் மாக்ஸ் வேபரிடமிருந்து வந்தது. ஆனால் பெத்தேல் தங்கியிருந்தது அக்ரகாரத்தில். அங்கே தங்கியவருக்கு ஊரின் மற்ற தெருக்களில், முக்கியமாகச் சேரியில், அதே சுலபத்தில் பழக முடியவில்லை. எங்கே உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதும் நாம் பார்ப்பதைத் தீர்மானிக்கிறது. நான் முதல் பெஞ்சில் இருந்து பார்த்த கிளாஸ் வேற, என் ரூம்மேட் பார்த்த கிளாஸ் வேற.

"அப்போ படிக்காதவன்லாம் சமூகத்து மேல பழியைப் போட்டுட்டுப் போயிடலாமா?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. உழைப்புக்கு மதிப்பில்லை என்று சமூகவியல் சொல்லவில்லை. ஒரே உழைப்புக்கு ஏன் ஒருத்தனுக்கு ஏ கிரேடும் இன்னொருத்தனுக்கு அரியரும் வருகிறது என்றுதான் கேட்கிறது. ஒரே லோடு கொடுத்து ஒரு பீம் மட்டும் உடைந்தால், பீமைத் திட்டிவிட்டுப் போவோமா? சப்போர்ட் எப்படி இருந்தது என்று பார்ப்போம்தானே. அந்த மரியாதையை மனுஷனுக்கும் கொடுக்கலாம்.

இந்த செமஸ்டர் அதே தலைப்பை மறுபடி எடுத்திருக்கிறோம். இந்தத் தடவை ஃபார்ம் இல்லை. அரியர் வைத்த ஏழு பேரோடு டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். ஏழு பேரை வைத்துக் கல்லூரி முழுக்க இப்படித்தான் என்று சொல்ல முடியாது என்பதும் இந்தப் பாடம் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் அடுத்த சர்வேயில் என்ன கேட்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. முதல் வருஷத்துக்கு முதல் மாதம் மட்டுமாவது கணக்கு, பிசிக்ஸ் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் விளக்குங்கள் என்று டிபார்ட்மென்ட்டில் மனு கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

ரூம்மேட் படிப்பை விடவில்லை. மூணில் ஒன்றை கிளியர் பண்ணிவிட்டான். மீதி ரெண்டுக்கு அடுத்த மாசம் எக்ஸாம். ராத்திரி அவன் தமிழில் சொல்லச் சொல்ல, நான் இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கிறேன். கணக்கு என்னவோ அவனுக்குத்தான் நல்லா வருது.