கோக்கோஸ் தீவும் கடைக்காசும்

தீவு என்றதும் நம்மில் பலருக்கு லங்காவியும் தியோமானும்தான் நினைவுக்கு வரும். விடுமுறை, படகு, நிழற்படம்; அத்தோடு சரி. கோக்கோஸ் தீவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றபோது என் அறைத்தோழி, "அது எங்கே, சபாவிலா?" என்று கேட்டாள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

ஜாவாவுக்குத் தென்மேற்கே, இந்தியப் பெருங்கடலின் நடுவில் 27 சிறு பவளத் தீவுகள். எல்லாவற்றையும் சேர்த்தால் 14 சதுர கிலோமீட்டர்தான். இரண்டில் மட்டுமே மக்கள் வாழ்கின்றனர். ஏறக்குறைய 600 பேர். பெரும்பாலோர் மலாய் பேசும் முஸ்லிம்கள். கையில் இருப்பதோ ஆஸ்திரேலியக் கடப்பிதழ்.

இவர்களின் முன்னோரை 1826-இல் அலெக்சாண்டர் ஹேர் என்ற ஆங்கிலேயர் மலாய்த் தீவுக்கூட்டத்திலிருந்து 'அழைத்து' வந்தார். அவர்களில் பலர் அடிமைகள். அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்துக்காரரான ஜான் குளூனிஸ் ரோஸ் குடும்பத்தோடு வந்து குடியேறினார். காலப்போக்கில் தீவு அக்குடும்பத்தின் கைக்குப் போனது. 1886-இல் விக்டோரியா மகாராணியார் அதை நிரந்தரமாகவே எழுதிக் கொடுத்துவிட்டார். தென்னந்தோப்பு, கொப்பரை, ஒரு துரை. தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு இக்கதையை விளக்கவே வேண்டாம்!

ஒன்றை மட்டும் விளக்க வேண்டும். தொழிலாளர்களுக்கு ரோஸ் குடும்பம் தானே வெளியிட்ட காசில்தான் சம்பளம். முன்பு ஆட்டுத்தோலில், பின்னாளில் பிளாஸ்டிக்கில். அக்காசு செல்லுபடியாகும் ஒரே இடம் அவர்களுடைய கடை. ஆயுள் முழுக்கச் சேமித்தாலும் கப்பலேற உதவாது. போதாக்குறைக்கு, தீவைவிட்டுப் போனவர் திரும்பி வரக்கூடாது என்ற விதி வேறு. 'தொலைதூரத் தீவு' என்று சுலபமாக எழுதிவிடுகிறார்களே, அந்தத் தொலைவில் கடலின் பங்கு எவ்வளவு, கடைக்காரரின் பங்கு எவ்வளவு? நல்ல துரை, வீடு கட்டிக் கொடுத்தார் என்று வாதிடுவோரும் உண்டு. கட்டிக் கொடுத்திருக்கலாம். வாசற்கதவின் சாவி யாரிடம் இருந்தது என்பதே என் கேள்வி.

1903-இல் இத்தீவுகள் சிங்கப்பூருடன் இணைக்கப்பட்டன. 1955-இல் ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. இடையில், போருக்குப் பின் மக்கள்தொகை பெருகியதால் பலர் அன்றைய வட போர்னியோவுக்குக் குடிபெயர்ந்தனர். தாவாவ் வட்டாரத்தில் பாலுங் கோக்கோஸ் என்ற கிராமம் இன்றும் உள்ளது. என் அறைத்தோழி சொன்ன சபா இதுதான். நான் படித்த வரலாற்றுப் பாடநூல்களில் இம்மக்களைப் பற்றி ஒரு வரி பார்த்த நினைவில்லை.

1978-இல் ஆஸ்திரேலிய அரசு 6.25 மில்லியன் டாலர் கொடுத்து, தீவின் பெரும்பகுதியை ரோஸ் குடும்பத்திடமிருந்து வாங்கியது. 1984-இல் ஐக்கிய நாடுகள் பார்வையாளர்களின் முன்னிலையில் வாக்கெடுப்பு நடந்தது. பதிவான 261 வாக்குகளில் 229 ஆஸ்திரேலியாவுடன் இணைவதற்கு. தனிநாட்டுக்கு வெறும் 9. வெள்ளைக்கார நாட்டிடமே மீண்டும் போய்ச் சேர்ந்தார்களே என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கலாம். நான் சுளிக்க மாட்டேன். எந்த ஊரிலும் செல்லும் காசு, போய்விட்டுத் திரும்பி வரும் உரிமை: தலைமுறை தலைமுறையாக இவ்விரண்டும் இல்லாதவர்களுக்கு அந்த வாக்குச்சீட்டின் பொருள் நம் கணக்கில் அடங்குமா?

விடுமுறையில் ஊருக்குப் போனபோது இக்கதையைப் பாட்டியிடம் சொன்னேன். தோட்டக் கடையில் பற்று எழுதி வாங்கி, சம்பள நாளில் வெறுங்கையோடு வீடு திரும்பியவர் அவர். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்தக் கடையில அரிசி என்ன வெலைக்குப் போட்டானாம்?"